கலைஞருக்குக் கொடுக்கும் கேடயத்தில் அவர் பெயர் சரியாக இருக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் பாராட்டு விழாப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கோயில் திருவிழா, ஊர் நற்பணி மன்றம், பள்ளி ஆண்டு விழா, இசை விழா என்று மேடை எதுவானாலும் நடுவில் ஒரு கலைஞர் நிற்பார், சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள், எல்லோருடைய கையும் ஒரே கேடயத்தைப் பிடித்திருக்கும். அந்தக் கேடயங்களில் சிலவற்றைச் செய்பவள் நான். திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்திருக்கிறேன். விளையாட்டுக் கோப்பை, கம்பெனி நினைவுப் பரிசு எல்லாமே செய்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் இசைக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் கேடயங்களைப் பற்றி மட்டும்தான். அவற்றில்தான் அலட்சியம் அதிகம், அதனால் வரும் வருத்தமும் அதிகம்.

ஒரு தவில்காரர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவர் வாசித்தது அன்றைக்கே முடிந்துபோகிறது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் சம்பளம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வருகிறது, அதற்கு ரசீது கிடையாது. ஆயுள் முழுக்க வாசித்தவர் என்பதற்கு அந்த வீட்டில் இருக்கும் சாட்சி கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கேடயங்கள்தான். கலைமாமணிக்கோ மாவட்ட அளவில் தரும் கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளுக்கோ விண்ணப்பம் எழுத உட்காரும்போது, பிள்ளைகள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எந்த வருடம், எந்த ஊர் என்று குறித்துக்கொள்கிறார்கள். பாதிக் கேடயங்களில் வருடம் இருக்காது. ஊர் இருக்காது. சிலவற்றில் கலைஞரின் பெயரே இருக்காது, ‘சிறந்த கலைஞருக்கு’ என்று மொத்தமாக அடித்து வாங்கியதாக இருக்கும். கொடுத்தவரின் பெயரும் படமும் மட்டும் பளிச்சென்று தெரியும்.

ஆர்டர் எப்படி வருகிறது என்பதைச் சொன்னால் இது ஏன் நடக்கிறது என்று புரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை விழா என்றால் சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஃபிளெக்ஸுக்குப் போட்ட டிசைனையே அனுப்பி, “இதையே ஷீல்டுல போட்டுடுங்க” என்பார்கள். பத்தடி அகல பேனருக்குப் போட்ட டிசைன் அது. இருபது முகங்கள் இருக்கும். அதை எட்டங்குலத் தகட்டுக்குள் அடக்கினால் முகமெல்லாம் புள்ளியாகிவிடும், கீழே ஒரு மூலையில் இருக்கும் கலைஞரின் பெயரைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஒரு மாதம் முன்பே அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்தான் இவர்கள். விழா யாருக்காக நடக்கிறதோ அவர் கைக்குப் போகும் பொருளை மட்டும் கடைசியில் நினைக்கிறார்கள்.

முதலில் பெயர். என் அப்பா மஞ்சக்குப்பத்தில் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டியவர். சீர் வரிசைக் குடம், தாம்பாளம், கோயிலுக்குக் கொடுக்கும் குத்துவிளக்கு எதுவானாலும், வெட்டுவதற்கு முன்னால் வாங்கினவர் கையாலேயே ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி வாங்கிக்கொள்வார். எழுதத் தெரியாதவர் என்றால் இவரே எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, “சரியாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் உளியை எடுப்பார். பித்தளையில் விழுந்த வெட்டு விழுந்ததுதான், அழிக்க முடியாது. பிறகு கையடக்க மின்சார மெஷின் வந்தபோதும் அவர் அந்தச் சீட்டை விடவில்லை. இன்று நான் லேசரில் வேலை செய்கிறேன், நானும் விடவில்லை. சீட்டுக்குப் பதிலாக மாதிரிப் படம் அனுப்புகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சிக்கல் என்னவென்றால் அந்தப் படம் விழாக் குழுவுக்குப் போகிறது, கலைஞருக்குப் போவதில்லை. “அவருக்குத் தெரியக் கூடாதும்மா, மேடையில பார்த்தா சந்தோஷப்படுவார்” என்கிறார்கள். மேடையில் தன் பெயரைத் தப்பாகப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல் சிரித்தபடி நிற்கும் கலைஞர்களை நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ரகசியம் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. அமெரிக்காவின் கிராமி இசை விருதை கொலராடோ மாநிலத்தில் ரிட்ஜ்வே என்ற சிற்றூரில் ஜான் பில்லிங்ஸ் என்ற கைவினைஞரின் பட்டறையில் கையால் செய்கிறார்கள். யார் வென்றார் என்பது மேடையில் உறை பிரிக்கும் வரை விழா நடத்துகிறவர்களுக்கே தெரியாது. அதனால் அன்று மேடையில் கையில் கொடுப்பது ஒரு மாற்று விருது. வென்றவரின் பெயர் பொறித்த உண்மையான விருது பிறகுதான் அவருக்குப் போய்ச் சேர்கிறது. அவ்வளவு பெரிய விழாவிலேயே பெயருக்காகக் காத்திருக்கிறார்கள். நம் ஊர் விழாவில் பெயர்த் தகட்டை மட்டும் தனியாகச் செய்து, கலைஞரிடம் கேட்டுவிட்டு, மறுநாள் இரண்டு சின்னத் திருகாணியில் பொருத்திக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நான் அப்படிச் செய்து தரத் தயாராகத்தான் இருக்கிறேன். கேட்கிறவர்கள்தான் குறைவு.

தமிழ் எழுத்துகளுக்கு வரும் கஷ்டம் தனிக் கதை. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போதும், கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பில் யூனிகோடைக் கொண்டுபோய் ஒட்டும்போதும் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கோ’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘ஸ்ரீ’ துண்டு துண்டாக உடையும். மெல்லிய எழுத்துருவாக இருந்தால் புள்ளி காணாமல் போகும். தகட்டில் அமிலம் அரித்து எழுத்து எடுக்கும்போது ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடைத்துக்கொள்ளும், பார்ப்பவருக்கு அது ‘ண’வா ‘ன’வா என்றே தெரியாது. அதனால் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் தமிழ்ப் பெயரைப் பித்தளையில் எடுக்க மாட்டேன் என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்து அதைவிடச் சின்ன அளவிலும் தெளிவாக விழும், தமிழுக்கு இடம் வேண்டும். இதை எடுத்துச் சொன்னால், “அப்ப பேரை இங்கிலீஷ்லயே போட்டுடுங்க” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தேவாரம் பாடும் ஓதுவாருக்கு ஆங்கிலத்தில் பெயர் போட்ட கேடயத்தைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதுவும் அப்பர் கரையேறிய ஊர் என்று பேர் பெற்ற இந்தத் திருப்பாதிரிப்புலியூரில்! அதற்குப் பதிலாகப் பேச்சாளர் பட்டியலை எடுத்துவிடுங்கள், வேண்டிய இடம் கிடைக்கும்.

முன்னெழுத்தும் ஊர்ப் பெயரும் அலங்காரத்துக்கு இல்லை. நாகசுரக் குடும்பங்களில் ஊர்தான் அடையாளம். திருவாவடுதுறை என்றால் ராஜரத்தினம் பிள்ளை, வலங்கைமான் என்றால் சண்முகசுந்தரம் பிள்ளையின் தவில். இந்தப் பக்கத்துக் கலைஞர்களும் தாத்தா காலத்திலிருந்து தங்கள் சிற்றூர்ப் பெயரைச் சேர்த்தே சொல்லிவருகிறார்கள். இடம் போதவில்லை என்று அந்த ஊரை வெட்டிவிட்டுக் கேடயம் அடித்தால், அதே பெயரில் இன்னும் நாலு பேர் இருக்கிற இந்த மாவட்டத்தில் அது யாருக்குக் கொடுத்தது என்றே தெரியாமல் போகும்.

அடுத்தது படம். இசைக் கலைஞருக்குக் கேடயம் என்றதும் மேல்நாட்டு இசைக் குறியீடுகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அல்லது ஒரு கிட்டார். அந்தக் குறியீட்டைத் தன் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்த்துப் பழகாத, கூத்தில் முகவீணை என்ற சிறு குழலை ஊதும் கலைஞரின் கையில் அது போய்ச் சேர்கிறது. தெருக்கூத்து இன்றும் உயிரோடு இருக்கிற வட்டாரம் நம்முடையது. முகவீணைக்கு ஒரு படம் வேண்டும் என்றால் இணையத்தில் தேடி எடுக்கிற ரெடிமேட் படங்களில் கிடைக்காது, கூத்துக்காரரிடம் போய்ப் பார்த்துத்தான் வரைய வேண்டும். நான் அப்படித்தான் போய் வரைந்து வைத்திருக்கிறேன். கூத்துக் கலைஞருக்கான கேடயத்தில் அதைப் போட்டுக் கொடுத்தால், வாங்குகிறவர் முதலில் விரலால் அந்தக் குழலைத்தான் தடவிப் பார்க்கிறார்.

வீணை என்று கேட்டால் சிதார் படம் போட்ட கேடயங்களைப் பார்த்திருக்கிறேன். வீணையே போட்டாலும் டிசைனுக்கு வசதி என்று படத்தை இடவலமாகத் திருப்பிவிடுகிறார்கள். வீணையின் குடம், வாசிப்பவரின் வலப்பக்கம் இருக்க வேண்டும், யாளித் தலை இடப்பக்கம். திருப்பிப் போட்டால் சரஸ்வதிக்கே இடக்கைப் பழக்கம் வந்துவிடும். தவிலில் வலக்கை விரல்களில் கூடு, அதாவது கெட்டியான விரலுறை, போட்டிருப்பார்கள், இடக்கையில் கழி இருக்கும். இரண்டு கையிலும் குச்சியைக் கொடுத்து வரைந்தால் அது தவில் இல்லை, வேறு ஏதோ மேளம். நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளை ஏழு. வாயில் வைத்து ஊதும் சீவாளி, நீண்ட குழலான உலவு, கீழே விரிந்த வாயான அணசு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அளவு உண்டு. அணசைப் பெரிதாக்கி உலவைக் குட்டையாக்கினால் பார்க்கிறவருக்கு அது ஷெனாய் மாதிரித் தெரியும். வாசிக்கிறவருக்கு இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தன் வாத்தியத்தையே சரியாகப் பார்க்காதவர்கள் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் அதில் தவறே கிடையாது.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நம் ஊர் கடற்கரை ஊர். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. கேடயம் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மலிவான கேடயங்களின் அடிப்பலகை எம்.டி.எஃப்., அதாவது மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தினது. அதன் மேல் மர நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஈரம் ஏறினால் ஓரம் உப்பும், உப்பினது திரும்ப அமுங்காது. தங்க நிறப் பிளாஸ்டிக் கோப்பைகளில் இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சும் அதன் மேல் மஞ்சள் லாக்கரும். அது உரிந்தால் அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரியும். அக்ரிலிக் பரவாயில்லை. அதிலும் காஸ்ட் அக்ரிலிக் என்று கேட்டு வாங்கினால் லேசர் பட்ட இடம் வெள்ளையாகத் தெளிந்து எழுத்து நன்றாகத் தெரியும். மற்ற ரகத்தில் எழுத்து மங்கலாக விழும். ஒரு விஷயம் மட்டும் கலைஞர்களின் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்: அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டோ கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டோ துடைக்காதீர்கள், மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது பித்தளைத் தகடும் பலாப்பலகையும். பண்ருட்டியை எல்லோருக்கும் பலாப்பழத்தால்தான் தெரியும். இசைக்காரர்களுக்கு அது மரத்தால் தெரிந்த ஊர். தஞ்சாவூர் வீணைக்குக் குடைகிற பலா பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போகிறது. மிருதங்கக் கட்டைக்கும் தவில் கட்டைக்கும் பலாதான். அந்த வாத்தியம் வாசிக்கிறவருக்குக் கொடுக்கும் கேடயத்தை, அதே மரத்தில், அதே மண்ணில் வளர்ந்த மரத்தில் செய்யாமல், எங்கிருந்தோ வருகிற மரத்தூள் பலகையில் ஏன் செய்ய வேண்டும்? 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்போது விழுந்த மரங்களில் நல்ல வைரம் பாய்ந்த துண்டுகளை அப்பா மர அறுவை மில்லில் சொல்லிவைத்து வாங்கிக் காயப்போட்டார். அதில்தான் எங்கள் பலாக் கேடயம் தொடங்கியது. இன்றைக்கும் அறுத்து மீந்த துண்டுகள்தான் வாங்குகிறேன். கேடயத்துக்கென்று மரம் வெட்ட வேண்டியதில்லை. புதிதாக இழைத்த பலா நல்ல மஞ்சளாக இருக்கும். வருடம் ஆக ஆக செம்பழுப்பாக மாறும். கரையான் சுலபத்தில் தொடாது.

தகட்டு வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். எழுத்து வர வேண்டிய இடத்தைத் திறந்து வைத்து, மற்ற இடமெல்லாம் அமிலம் தொடாதபடி ஸ்கிரீனில் மை ஏற்ற வேண்டும். பிறகு ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் எழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே பார்த்தால்தான் அரிந்த துகள் எழுத்துக்குள் தங்காமல் விழும், ஓரம் கூர்மையாக வரும். எடுத்ததும் சமையல் சோடாத் தண்ணீரில் முக்கி அரிப்பை நிறுத்துகிறோம். பள்ளத்தில் கறுப்பு எனாமல் நிரப்பிக் காயவைத்து, மேற்பரப்பை நைசான எமரித் தாளில் தேய்த்து, மெருகு போட்டு, கடைசியில் லாக்கர் அடிக்கிறோம். அந்த லாக்கர்தான் உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுகிறது. பெரியம்மாமார்கள் பாசத்தோடு புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், லாக்கர் போய்விட்டால் தகடு கறுக்கும். இத்தனைக்கும் ஒரு நாள் இரவு போதாது. நாலைந்து நாள் கொடுத்தால் நிதானமாகச் செய்து தரலாம்.

விலை அதிகம் என்பார்கள். அக்ரிலிக்கைவிட அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் கிழித்துப் போடுகிற ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் குறைத்தால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரை புரண்டபோது, ஆற்றோர ஊர் ஒன்றில் ஒரு நாகசுரக் கலைஞரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பிறகு அவர் மகன் ஒரு சாக்குப் பை நிறையக் கேடயங்களை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். எம்.டி.எஃப். எல்லாம் ஊறிப் பிரிந்துபோயிருந்தன, ஒட்டியிருந்த தாளெல்லாம் கழன்றுவிட்டது. பெயர் படிக்க முடிந்தவற்றைப் படித்து எழுதி வைத்தோம், மற்றவை போனது போனதுதான். பித்தளைத் தகடு வைத்தவற்றில் சேறு மட்டும்தான். கழுவித் துடைத்து, வேறு பலகையில் பொருத்திக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று அவர் அப்பா இளைஞராக இருந்தபோது வாங்கியது. வருடம், ஊர், எந்தத் திருவிழா என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் செய்தவர் யாரோ, பெயர் தெரியவில்லை, அருமையான கைவேலை.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். பெரிதாக இருந்தால் மரியாதை என்று நினைத்து இரண்டடி, மூன்றடிக் கேடயம் கேட்கிறார்கள். படத்தில் நன்றாகத் தெரியும், உண்மைதான். விழா முடிந்து நள்ளிரவில் அந்தத் தவில்காரர் ஒரு தோளில் தவிலும் ஒரு கையில் துணிப்பையுமாகக் கடலூர் பஸ் நிலையத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிற்கும்போது அந்த மூன்றடிக் கேடயத்தை எங்கே வைப்பார்? பழைய காலத்தில் இதை யோசித்திருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் அரசர்கள் பாணருக்குப் பொன்னால் செய்த தாமரைப் பூவைக் கொடுத்தார்கள் என்று வருகிறது. தலையில் சூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கலாம். நாகசுர மேதைகளின் பழைய புகைப்படங்களைப் பாருங்கள், மார்பில் வரிசையாகப் பதக்கங்கள் இருக்கும். வாங்கின பரிசு வாசிக்கும்போதும் கூடவே இருந்தது. எட்டுக்குப் பத்து அங்குலக் கேடயம் போதும், ஒரு பைக்குள் அடங்கும். அதைவிட, நடமாடும் கலைஞர்களுக்கு வெள்ளியிலோ பித்தளையிலோ சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கம் கொடுக்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கடைசியாக ஒன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நாகசுரக் குழு என்றால் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதி. மேடையில் கேடயம் ஒருவருக்கு. மற்றவர்கள் பின்னால் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். கூத்திலும் அப்படியே, வேடம் கட்டினவருக்குப் பரிசு, விடிய விடிய வாசித்த ஆர்மோனியக்காரருக்கு ஒன்றுமில்லை. இசைத்தட்டு உலகத்தில் தங்கத் தட்டு என்று ஒரு வழக்கம் உண்டு. 1942-இல் கிளென் மில்லர் என்ற அமெரிக்க இசைக்குழுத் தலைவருக்கு, ஒரு பாட்டு 12 லட்சம் பிரதிகள் விற்றதற்காக, அந்த இசைத்தட்டையே தங்க நிறத்தில் செய்து கொடுத்தார்கள். 1958-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அதை முறையான சான்றாக்கியது. இப்போது 5 லட்சம் என்றால் தங்கம், 10 லட்சம் என்றால் பிளாட்டினம். சட்டத்துக்குள் தட்டு, கீழே சின்ன உலோகத் தகட்டில் எந்தப் பாட்டு, எதற்காக, யாருக்கு என்று இருக்கும். பாடகருக்கு மட்டும் என்று இல்லை. அதே கேடயத்தைத் தயாரித்தவருக்கும், எழுதினவருக்கும், ஒலிப்பதிவு செய்தவருக்கும் பெயரை மட்டும் மாற்றிச் செய்து கொடுப்பார்கள். தொழில் ரீதியாகச் சொல்கிறேன், இது ஒன்றும் பெரிய செலவு இல்லை. ஸ்கிரீன் ஒன்று, டிசைன் ஒன்று, ஒரே கரைசலில் ஆறு தகட்டையும் சேர்த்து இறக்கலாம். மாறுவது ஒரு வரி. ஆறு பேருக்குச் சின்னதாக ஆறு தகடு செய்கிற செலவு, ஒருவருக்கு மூன்றடியில் ஒன்று செய்கிற செலவைத் தாண்டாது.

இப்போது இளைஞர்கள் யூடியூப் வெள்ளிப் பட்டனைக் கொண்டுவந்து சட்டம் போடச் சொல்கிறார்கள். நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிற தம்பிகள், கானா பாடுகிற தம்பிகள். ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் வருவது. அதில் அவர்கள் பெயர் ஒரு எழுத்து பிசகாமல் இருக்கிறது. கடல் தாண்டி இருக்கும் ஒரு நிறுவனம் அனுப்பும் பலகையில் சரியாக இருக்கிற பெயர், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சொந்த ஊர் மன்றத்தின் கேடயத்தில் ஏன் தப்பாக இருக்க வேண்டும்?

அதனால் விழாக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது. கலைஞரின் பெயர், ஊர், வாத்தியம், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி, இடம், நாள், வருடம். இவை முன்பக்கம் இருக்கட்டும். கொடுப்பவர்களின் பெயர்கள் எத்தனை இருந்தாலும் பின்பக்கம் ஒரு தகட்டில் போட்டுத் தருகிறோம், கூடுதல் காசு வேண்டாம். ‘சிறந்த சேவையைப் பாராட்டி’ என்று எல்லோருக்கும் பொருந்துகிற வரி எதற்கு? ‘நாற்பது ஆண்டுகள் பாடலீஸ்வரர் கோயில் திருவிழாவில் தவில் வாசித்தமைக்காக’ என்று எழுதுங்கள், படிக்கிற பேரப்பிள்ளைக்கு ஒரு செய்தி கிடைக்கும். மாதிரிப் படத்தைக் கலைஞரிடமோ அவர் வீட்டாரிடமோ காட்டி, சரி என்று சொன்ன பிறகு வேலைக்குச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு, புதுச்சேரி இரு அரசுகளின் கலை பண்பாட்டுத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கீத நாடக அகாதமி விருதோடு தாமிரப் பட்டயம் கொடுக்கிறது, அது நூறு வருடம் நிற்கும். மாவட்ட விருதுகளிலும் கேடயம் இருந்தால் டெண்டரில் விலையோடு சேர்த்துப் பொருளும் எழுத்து அளவும் குறிப்பிட்டுக் கேளுங்கள். புதுச்சேரியில் வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலையும் புவிசார் குறியீடு பெற்ற கைவினைகள். அங்கே விருதுக்கு வெளியூரில் அச்சில் வார்த்த பொம்மை எதற்கு? அந்தக் கைவினைஞர்களுக்கும் வேலை கிடைக்கும், வாங்கும் கலைஞருக்கும் சொந்த மண்ணின் பொருள் கிடைக்கும்.

என் சக தொழிலாளர்களுக்கும் சொல்கிறேன். அவசர ஆர்டரை மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு. குறைந்தபட்சம் பெயரை ஒரு முறை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு மெஷினை ஓட்டுவோம். வாத்தியப் படங்கள் வேண்டும் என்றால் நான் வரைந்து வைத்திருக்கும் முகவீணை, தவில், நாகசுரம், பறை, உடுக்கை, மிருதங்கம் எல்லாவற்றையும் காசில்லாமல் தருகிறேன், பட்டறைக்கு வந்து பென் டிரைவில் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு விண்ணப்பம். பாராட்டு விழாச் செய்தி போடும்போது தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் எல்லோர் பெயரும் வருகிறது. கலைஞரின் பெயரோடு அவருடைய ஊர், வாத்தியம், உடன் வாசித்தவர்களின் பெயர்கள், இவையும் வரட்டும். நிருபர்கள் கேட்டால் விழாக் குழுவும் விசாரித்து வைத்திருக்கும், அந்தப் பட்டியலே எங்கள் பட்டறைக்கும் வந்து சேரும்.

இப்படிக்கு,
கேடயப் பட்டறை நடத்தும் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.